பாசி ஏரியில் தவளை லூர் (செயற்கை இரை): மீன் 11 தடவை அடித்தும் கைக்கு வந்தது 1. தப்பு எங்கே?

#1 கரைக்குருவி

மூணு வாரமா ஒரே ஏரியைச் சுத்தி வர்றேன். எங்க பார்த்தாலும் ஆறடிக்கு மேல ஆழம் கிடையாது. கரையோரம் அல்லி. அதைத் தாண்டுனா தண்ணி மட்டம் வரைக்கும் வளந்து மேல மடிஞ்சு படுத்திருக்குற வேலம்பாசி. லார்ஜ்மவுத் பாஸ் மீன் இருக்கா இல்லையாங்குற சந்தேகமே வேண்டாம். லூர் மேல அடி விழுது, விழுந்துட்டே இருக்கு. கைக்குத்தான் வர மாட்டேங்குது.

நேத்து விடிகாலைல கணக்கு வெச்சேன். மீன் அடிச்சது 11 தடவை, கரைக்கு வந்தது 1. மீதி பத்துல நாலு தடவை தவளை தண்ணியில இருந்து கிளம்பி நேரா என் முகத்துக்கே வந்துச்சு. ஒரு தடவை தொப்பியில மாட்டிக்கிச்சு. அன்னிக்கு நான் பிடிச்சதுல பெருசு அந்தத் தொப்பிதான்.

சாமான்: ஆறரை அடி மீடியம் ராட் (நடுத்தர விறைப்புள்ள தூண்டில் கம்பு), நூல் சுத்துற ஸ்பின்னிங் ரீல், 14 பவுண்டு தாங்குற மோனோ (ஒத்தை இழை நைலான் நூல்). லூர், உள்ள கூடா இருக்குற ரப்பர் தவளை. முதுகை ஒட்டி ரெட்டை முள். வாங்கி ரெண்டு வாரம்தான் ஆச்சு.

தப்பு என் கையிலயா, லூர்லயா, மீன்லயா?

#2 அந்திமீன்

கையில. சத்தம் கேட்டதும் இழுக்குறீங்க. ஒண்ணு, ரெண்டுன்னு மனசுல எண்ணிட்டு இழுங்க. வேற ஒண்ணும் இல்ல.

#3 பழந்தூண்டில்

அந்திமீன் சொல்வது பாதி சரி தம்பி. அந்த எண்ணிக்கையில்தான் எனக்கு உடன்பாடில்லை.

பாஸ், கவ்விப் பிடிக்கிற மீன் அல்ல. உறிஞ்சுகிற மீன். வாயும் தொண்டையும் சட்டென்று விரியும்போது முன்னால் இருக்கும் தண்ணீர் இரையையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. அந்த விசையில் பெரும்பகுதி தலையில் உள்ள தசைகளில் இருந்து வருவதில்லை, நீந்துகிற உடல் தசைகளில் இருந்தே வருகிறது என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். மொத்த உடம்பும் ஒரு பம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தண்ணீரில் இந்தப் பம்பு அபாரமாக வேலை செய்யும். மேல்மட்டத்துக்கு வந்தால் தண்ணீரோடு காற்றும் உள்ளே போகும். நீங்கள் கேட்கிற அந்த ‘ப்ளப்’ அதுதான். தவளை பாசி மெத்தையின் மேல் உட்கார்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், இரைக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு பாய் விரித்த மாதிரி. மீன் குறி வைத்து வருகிறது, பாசியை முட்டிக் கிழிக்கிறது, தவளை ஒரு சாண் தள்ளிப் போய் விழுகிறது. அது தவறவிட்ட அடிக்கு நீங்கள் இரண்டு எண்ணினாலும் இருபது எண்ணினாலும் ஒன்றுதான்.

அதனால் அடி விழுந்ததும் ஒரே ஒரு கேள்வி: தவளை கண்ணுக்குத் தெரிகிறதா?

தெரிந்தால் கையை அசைக்காதீர்கள். அது அங்கேயே கிடக்கட்டும். கொஞ்ச நேரம் கழித்து, ராட் நுனியால் லேசாக ஒரு துடிப்பு. பல மீன்கள் இரண்டாவது தடவை வரும், சில மூன்றாவது தடவையும். தெரியவில்லை என்றால் ராட் நுனியை மீன் பக்கம் தாழ்த்தி, தொய்வைச் சுருட்டுங்கள். நூலில் கனம் ஏறும். ஏறியதும் முழு பலத்தோடு மேலே தூக்குங்கள். இது சில நேரம் அரை நொடி, சில நேரம் மூன்று நொடி. எண்ணுகிறவன் கனத்தைக் கவனிக்க மாட்டான், அதுதான் எண்ணுவதில் உள்ள கோளாறு.

#4 தங்கூசி

அண்ணை, கையைப் பற்றிப் பிறகு கதைப்பம். முதல்ல அந்த நூலை மாத்துங்கோ. 14 பவுண்ட் தங்கூசி நூல் (என்ர பேரையே நான் குறை சொல்ல வேண்டிக் கிடக்கு) ரப்பர் மாதிரி இழுபடும். இருபத்தஞ்சு யார் (கஜம்) தள்ளி, பாசிக்குள்ள, நீங்கள் இஞ்ச இழுக்கிறதில பாதிதான் அங்க போய்ச் சேரும்.

தவளையின்ர முள்ளைப் பாத்தனீங்களோ? நல்ல தடிச்ச கம்பி. அது மீனின்ர வாய்க்குள்ள ஏற வேணுமெண்டால் முதல்ல ரப்பர் உடம்பு நசிய வேணும், பிறகு முள் வெளிய வர வேணும், அதுக்குப் பிறகுதான் குத்தும். மீடியம் ராட் வளைஞ்சு குடுத்தே இவ்வளவு பலத்தையும் திண்டுபோடும்.

நான் பாவிக்கிறது 65 பவுண்ட் பிரெய்ட் (பின்னின நூல்), 7 அடி 3 அங்குல ஹெவி ராட், பெய்ட்காஸ்டர் ரீல். லீடர் (நுனியில தனியாக் கட்டுற நூல்) ஒண்டும் இல்லை, பிரெய்டையே நேரா பலோமார் முடிச்சுப் போட்டுக் கட்டுறன். மீன் சின்னனோ பெரிசோ, அதோட ஒரு கூடை பாசியும் சேந்துதான் வரும். நூல் தாங்க வேண்டியது மீனை மட்டும் இல்லை. 50க்குக் கீழ நான் போக மாட்டன்.

#5 உறுமீன்

தவளை தவளைன்னு ஏன் கட்டி அழறீங்க? பாப்பர் போடுங்க, வாய் குழிஞ்ச மிதக்குற லூர். அல்லிக்கும் பாசிக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும்ல, அதுல போட்டுட்டு வளையம் அடங்குற வரைக்கும் சும்மா விடுங்க. அப்புறம் ஒரு ‘பொளக்’. மறுபடி சும்மா. மும்முள் ரெண்டு தொங்குது, மீன் வாயை வெச்சாலே மாட்டும். எண்ணவும் வேண்டாம், கனம் பாக்கவும் வேண்டாம்.

#6 அந்திமீன்

அவர் ஏரியைப் பத்தி அவர் எழுதுனதைப் படிச்சீங்களா? தண்ணி மட்டம் வரைக்கும் வேலம்பாசி. அதுல மும்முள் போட்டா கீரை அறுவடைதான் பண்ணலாம்.

#7 உறுமீன்

சந்துலன்னு சொன்னேன். சந்து.

#8 பழந்தூண்டில்

இரண்டு பேரும் ஒரே ஏரியின் இரண்டு இடங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

இந்தச் சண்டை ரொம்பப் பழையது. மிச்சிகனில் டவேஜியாக் என்ற ஊரில் ஜேம்ஸ் ஹெடன் என்று ஒரு தேனீ வளர்ப்பவர் இருந்தார். கையில் செதுக்கிக்கொண்டிருந்த மரத்துண்டைக் குளத்தில் எறிந்தாராம், பாஸ் பாய்ந்து அடித்ததாம், அதிலிருந்துதான் லூர் செய்யும் யோசனை வந்ததாம். கதை எவ்வளவு உண்மையோ, 1890-களின் கடைசியில் அவர் மரத்தில் தவளை செதுக்கியது உண்மை. தவளைதான் முதலில். பிறகு அவர் பெயரில் வந்த கம்பெனிதான் வலமும் இடமுமாக நடக்கிற ஜாரா ஸ்பூக் என்ற லூரையும் கொண்டுவந்தது. அது திறந்த தண்ணீருக்கு.

என் பழக்கம் இது. மெத்தையின் மேல் கூட்டுத் தவளை. அல்லி இலைகளுக்கு நடுவிலும் அதேதான். பாசியின் வெளி விளிம்பில், முள் எதிலும் மாட்டாமல் பத்தடி இழுக்க இடம் இருந்தால் பாப்பர். பாசி தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டால் இறக்கை சுழல்கிற பஸ்பெய்ட் லூர், அதை நிறுத்தினால் மூழ்கும், அதனால் விழுந்த நொடியிலேயே சுற்றத் தொடங்க வேண்டும்.

பாப்பருக்கு நூல் வேறு. அங்கே மோனோ நல்லது. ஃப்ளூரோகார்பன் மூழ்குகிற நூல், லூரின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். கரைக்குருவி, உங்கள் 14 பவுண்டு மோனோவையும் மீடியம் ராடையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவை பாப்பருக்கு மிகச் சரியான ஜோடி. தவளைக்குத்தான் ஆகாது.

#9 கரைக்குருவி

நன்றி ஐயா. நன்றி தங்கூசி அண்ணா. மச்சான் ஒருத்தர்கிட்ட ஹெவி ராட், பெய்ட்காஸ்டர் ரெண்டும் சும்மா கிடக்கு, கேட்டிருக்கேன்.

இன்னொரு சந்தேகம். மெத்தை கால்பந்து மைதானம் மாதிரி விரிஞ்சு கிடக்கு. எல்லா இடமும் எனக்கு ஒண்ணு போலத்தான் தெரியுது. எங்க போடுறது?

#10 குமிழி

இதுக்காகத்தான் உள்ள வந்தேன். அடி தவறுறதைப் பத்தி நாள் பூரா பேசலாம், ஆனா மெத்தையைப் படிக்கத் தெரியாம போனா அடியே விழாது.

முதல்ல காதைத் தீட்டிக்குங்க. லூரைப் போடாம அஞ்சு நிமிஷம் கரையில நில்லுங்க. பாசிக்குள்ள இருந்து ‘டிக் டிக்’னு, பொரி வெடிக்குற மாதிரி சின்னச் சத்தம் வரும். புளூகில் மாதிரி சின்ன மீன்கள் பாசியோட அடிப்பக்கம் ஒட்டியிருக்குற பூச்சி, நத்தையை உறிஞ்சித் தின்னுற சத்தம் அது. அந்தச் சத்தம் இருக்குற இடத்துல சாப்பாடு இருக்கு. சாப்பாடு இருந்தா பாஸ் பக்கத்துல இருக்கும். மொத்த மெத்தையும் அமைதியா இருந்தா நான் போடவே மாட்டேன், நடந்து போயிடுவேன்.

ரெண்டாவது, நிறம். பச்சையா, கெட்டியா இருக்குற பாசி பகல்ல ஆக்ஸிஜன் விடும். பழுப்பாகி, சளி மாதிரி குழைஞ்சு, நாத்தம் வந்துட்டா அது அழுகுது. அழுகுறது ஆக்ஸிஜனைத் தின்னும், அங்க மீன் நிக்காது. ஒரே மெத்தையில ஒரு மூலை பச்சை, இன்னொரு மூலை பழுப்புன்னு இருக்கும், நல்லா பாருங்க.

மூணாவதுதான் முக்கியம். ஒரே மாதிரி இருக்குறதுல எது மாறுதுன்னு தேடணும். வேலம்பாசிக்கு நடுவுல திடீர்னு நாலு கோரை. மெத்தை மூக்கு மாதிரி நீட்டிட்டு இருக்குற முனை. உள்ள ஒரு தட்டு அளவு ஓட்டை. பாசிக்கு மேல கொஞ்சம் மேடா தெரியுற இடம். கீழ ஒரு மரக்கட்டையோ குழியோ இருந்தா மேல ஏதாவது ஒரு அடையாளம் காட்டும். தவளையை நேரா ஓட்டை மேலயே போடாதீங்க. ரெண்டு மூணு அடி தாண்டிப் போட்டு, மெத்தை மேல தவழ விட்டு, ஓட்டைக்கு வந்ததும் நிறுத்துங்க. நிறுத்துனா நிறுத்தணும். பத்து நொடி. கைய வெச்சுக்கிட்டு சும்மா இருக்குறதுதான் இதுல கஷ்டமான வேலை. ஐயா சொன்ன பாய் அந்த ஓட்டையில கிடையாது, அதனால அங்க விழுற அடி பெரும்பாலும் மாட்டும்.

விரால் பிடிச்சுப் பழகுன ஆளுங்க இதுல ஏமாறுவாங்க, நானும் ஏமாந்திருக்கேன். விரால் காத்துக் குடிக்க மேல வரும், அதுவே காட்டிக்கொடுத்துடும். பாஸுக்கு அந்தப் பழக்கம் இல்ல. அதைத் தேடாதீங்க, அது தின்னப் போறதைத் தேடுங்க.

#11 இலைமறை

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். தவளை என்ன கலர்?

#12 அந்திமீன்

கருப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. முடிஞ்சது.

#13 குமிழி

அந்திமீன் சுருக்கிட்டார், ஆனா சரிதான். கீழ இருந்து பாக்குற மீனுக்கு வயிறு மட்டும்தான் தெரியும். முதுகுல போட்டிருக்குற புள்ளியும் கோடும் நம்மகிட்ட விக்கிறதுக்கு. மெத்தை கெட்டியா இருந்தா, இல்ல மேகமா இருந்தா கருப்பு, அதோட நிழல் உருவம் பளிச்சுனு விழும். திறந்த இடத்துல, சின்ன மீன் கூட்டம் ஓடுறப்ப வெள்ளை.

#14 உறுமீன்

நேரத்தைப் பத்தி யாருமே பேசலையே. விடிகாலை, அந்தி, இது ரெண்டும் விட்டா மேல்மட்ட லூருக்கு வேலையே கிடையாது. வெயில் ஏறுனா நான் கிளம்பிடுவேன்.

#15 தங்கூசி

அது பாப்பருக்குச் சரி, உறுமீன். பாசி மெத்தைக்குச் சரிவராது. மத்தியான வெய்யில்லதான் மீன் எல்லாம் நிழலுக்குள்ள போய் ஒதுங்கும். அந்த ஏரியில இருக்கிற ஒரே கூரை அந்தப் பாசிதான். எனக்கு அகப்பட்ட பெரிய மீனுகளில முக்கால்வாசி பதினொரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் இடையில வந்தது. நீங்கள் வீட்டை போன பிறகு.

#16 உறுமீன்

சரி, அடுத்த வாரம் மத்தியானம் போய் வேர்த்து விறுவிறுத்துட்டு வந்து உங்களைத் திட்டுறேன்.

#17 பழந்தூண்டில்

வெயிலை விடப் பருவம் முக்கியம். தண்ணீர் 16 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வரை மேல்மட்டத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். முட்டையிடும் காலம் முடிந்ததும் ஆண் மீன் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும். அப்போது தவளையை அடிப்பது பசியால் அல்ல, கோபத்தால். அந்தச் சில நாட்களில் நான் அந்த இடத்தைச் சுற்றிப் போய்விடுவேன். அப்பனை இழுத்துவிட்டால் அந்த இரண்டு நிமிடத்தில் புளூகில் கூட்டம் குஞ்சுகளை முடித்துவிடும். மெத்தை மீன்பிடிப்பின் உச்சம் கோடையின் கடைசியில், பாசி முழுதாக மூடிய பிறகு.

#18 கரைக்குருவி

ரெண்டு நாள் போயிட்டு வந்தேன். மச்சானோட ஹெவி ராட், 50 பவுண்டு பிரெய்டு. முதல் ஒரு மணி நேரம் பெய்ட்காஸ்டர்ல நூல் குருவிக்கூடு கட்டுனதைப் பத்தி எழுத விரும்பல.

குமிழி சொன்ன ‘டிக் டிக்’ நிஜமாவே கேட்டுச்சு! மூணு வாரமா அதை ஏதோ வண்டுன்னு நினைச்சுட்டு இருந்தேன். அந்த மூலையில மட்டும் 9 அடி. தவளை தெரியுதான்னு பாத்துப் பாத்து இழுத்தேன், முகத்துக்கு ஒண்ணும் பறந்து வரல. ஆனா மாட்டுனது 2. மூணு மீன், கனம் ஏறி, இழுத்து, பாதி தூரம் வந்து, வாயைத் திறந்து தவளையை அப்படியே துப்பிட்டுப் போயிடுச்சு. முள் எங்கயும் ஏறவே இல்ல. தவளை போகப் போக சாய்ஞ்சு, முக்காவாசி மூழ்கித்தான் கிடந்துச்சு, அது தொடர்பா இருக்குமா?

#19 தங்கூசி

இருக்கும். ரெண்டு வியாதி அது.

ஒண்டு, தண்ணி. முள் வெளிய வாற துளையால உள்ளுக்குத் தண்ணி போகும். நாலைஞ்சு எறிக்கு ஒருக்கா தவளையை நசிச்சுத் தண்ணியைப் பீச்சி விடுங்கோ. தண்ணி நிறைஞ்ச தவளை நசியாது, நசியாட்டில் முள் வெளிய வராது. அதுதான் உங்கட மூண்டு மீனும் போன கதை எண்டு நினைக்கிறன்.

ரெண்டு, புதுத் தவளை கல்லு மாதிரி இருக்கும். பெருவிரலால அமத்திப் பாருங்கோ, லேசா அமத்தினவுடன முள்ளு முனை தெரிய வேணும். இல்லாட்டில் சுடுதண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, கையால பிசைஞ்சு விடுங்கோ. பிறகு குறடு எடுத்து ரெண்டு முள்ளையும் ஒரு மயிரிழை மேல நோக்கி வளையுங்கோ. கூட வளைச்சால் பாசியை வாரும், முள்ளும் பலம் கெட்டுப் போகும்.

கை வைக்கிறதெண்டு வந்தாச்சு, காலையும் வெட்டுங்கோ. அந்த ரப்பர்க் குஞ்சம் வரேக்க நீளமாத்தான் வரும். ஒரு பக்கத்தை மற்றப் பக்கத்தை விட அரை அங்குலம் கட்டையா வெட்டினால் தவளை இடம் வலமா நல்லாத் திரும்பும், மீனும் காலை மட்டும் பிடிச்சு இழுக்காது.

#20 இலைமறை

பிடிச்ச மீனை எல்லாரும் திரும்ப விட்டுடுறீங்களா?

#21 அந்திமீன்

விடுவேன். ஈரக் கையோட பிடிச்சு, வயித்துக்கு அடியில ஒரு கை கொடுத்து. பெரிய மீனைத் தாடையில மட்டும் தொங்கவிட்டு போட்டோ எடுக்குறவங்களைப் பாத்தா பத்திக்கிட்டு வரும்.

#22 குமிழி

எங்க இருக்கீங்கங்குறதைப் பொறுத்து. வட அமெரிக்காவுல அது சொந்த வீட்டு மீன். வெளியில பல நாட்டுல வந்தேறி, உலகத்துலயே மோசமான 100 அந்நிய உயிரினங்கள்னு போட்ட பட்டியல்ல இதுவும் இருக்கு. ஜப்பானுக்கு 1925ல கொண்டு போனாங்க. இப்ப பிவா ஏரியில பிடிச்ச பாஸை அதே தண்ணியில விடவே கூடாது, அந்த மாகாணச் சட்டம். வேடிக்கை என்னன்னா, ஜார்ஜியாவுல ஜார்ஜ் பெர்ரி 1932ல பிடிச்ச உலக சாதனை மீனுக்குச் சமமா இன்னொண்ணு கிடைச்சதும் அதே பிவாவுலதான், 2009ல, மனாபு குரிட்டா பிடிச்சது. ரெண்டும் பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஜப்பான்காரர் மீன் ஒரு அவுன்ஸ் கூடுதல், ஆனா பழைய சாதனையைத் தாண்டணும்னா ரெண்டு அவுன்ஸாவது கூட இருக்கணும்ங்குறது விதி. அதனால ரெண்டு பேர் பேரும் சேர்ந்தே நிக்குது.

அதனால உங்க தண்ணிக்கு என்ன சட்டமோ அதைப் படிங்க. இன்னொண்ணு, வேலம்பாசி ஒரு கணு ஒட்டிட்டுப் போனாலும் அடுத்த ஏரியில முளைச்சுடும். படகு, ராட், செருப்பு எல்லாத்தையும் உதறிட்டுக் கிளம்புங்க.

#23 உறுமீன்

மத்தியானம் போனேன். வேர்த்து விறுவிறுத்தேன். தவளையில 4 மீன். தங்கூசியைத் திட்ட வழி இல்லாம உக்காந்திருக்கேன்.

#24 கரைக்குருவி

தவளையைச் சுடுதண்ணியில போட்டேன். (வீட்ல பார்த்த பார்வை வேற விஷயம்.) முள் வளைச்சேன், கால் வெட்டினேன். இன்னிக்குக் காலைல 8 அடி, 4 மீன். பெருசு ஒண்ணேகால் கிலோ இருக்கும். எல்லாருக்கும் கும்பிடு.

ஆனா ஒண்ணு மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. குமிழி சொன்ன மாதிரி மெத்தை நடுவுல ஒரு தட்டு அளவு ஓட்டை. தவளை வந்து நின்னுச்சு. பாசி மொத்தமும் கீழ இருந்து யாரோ தோள் கொடுத்துத் தூக்குன மாதிரி ஒரு அடி உயர்ந்துச்சு. அடி விழல. தவளையை அசைக்கவே இல்ல. ஒரு நிமிஷம். அப்புறம் லேசா ஒரு துடிப்பு கொடுத்தேன். மறுபடி உயர்ந்துச்சு, அப்படியே அமுங்கி, விலகிப் போச்சு. அரை மணி நேரம் போட்டும் வரவே இல்ல. நான் என்ன தப்பு பண்ணேன்?

#25 பழந்தூண்டில்

தப்பு என்று சொல்ல முடியாது. அப்படி வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிற மீனுக்கு அதே தவளையைத் திரும்பத் திரும்பக் காட்டாதீர்கள். இன்னொரு ராடில் எடை இல்லாத மென்புழு (ரப்பர் புழு) ஒன்றைத் தயாராகக் கட்டி வைத்திருங்கள். உடனே அதே ஓட்டையில் போட்டு, தானாக மூழ்க விடுங்கள். மேலே வர மனமில்லாத மீன் கீழே வாங்கிக்கொள்ளும்.

#26 தங்கூசி

அண்ணை, விடியக்காலமை எண்டனீங்கள். எந்தக் கரையில நிண்டு எறிஞ்சனீங்கள்?

#27 கரைக்குருவி

கிழக்குக் கரை. சூரியன் முதுகுக்குப் பின்னாடி, கண் கூசாம வசதியா இருந்துச்சு.

#28 தங்கூசி

அப்ப உங்கட நிழல் எங்க விழுந்தது?

#29 கரைக்குருவி

ஓ.